மின்சாரக் காரின் பின்விளக்குப் பழுதை வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

இலங்கை மலையகத்தில் நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கும்போது பனிமூட்டம் சூழ்ந்துகொண்டால், பின்னால் வரும் லொறிச் சாரதிக்கு நம் காரின் உருவம் தெரியாது. இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டுமே தெரியும். அவற்றில் ஒன்று அணைந்திருந்தால், முன்னால் போவது மோட்டார் சைக்கிள் என்று அவர் எண்ணிவிடக்கூடும். ஆகவே பின்விளக்குப் பழுதைச் சம்பள நாள் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். மின்சாரக் கார் என்ற பயத்தினாலேயே பலர் அதில் கைவைப்பதில்லை. ஆனால் விளக்குகள் அனைத்தும், பெற்றோல் காரில் உள்ளதைப் போன்ற சாதாரண 12 வோல்ட் பற்றரியில்தான் இயங்குகின்றன.

பயப்பட வேண்டிய இடம் வேறு. நிசான் லீஃப் போன்ற கார்களில் சக்கரத்தை ஓட்டும் பெரிய பற்றரி சுமார் 360 வோல்ட் அழுத்தம் கொண்டது. அதனோடு இணைந்த வயர்கள் செம்மஞ்சள் நிற உறைக்குள் இருக்கும். அந்த நிறத்தைக் கண்ட இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். பின்விளக்கு வேலைக்கு அந்த வயர்களின் பக்கம் போகவேண்டிய தேவையே வராது.

ஒரு மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி), 10 மி.மீ. ஸ்பேனர், திருப்புளி, கொண்டாக்ட் கிளீனர் (மின் முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே), பழைய பல்தூரிகை ஆகியவை போதும். காரைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடுங்கள்; நம் பக்கத்தில் முற்றம்கூடச் சரிவாக இருப்பதால் சக்கரத்துக்குக் கல்லும் அடை கொடுங்கள்.

முதலாவது வேலை, எதையும் கழற்றாமல் பார்ப்பது. பொழுது சாயும் நேரத்தில் காரின் பின்புறம் ஒரு சுவரைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, ஒருவரை உள்ளே அமர்த்தி, இரவு விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல் என ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, எது எரிகிறது, எது மங்குகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிரேக் விளக்கும் அபாய சிக்னலும் பெரும்பாலான கார்களில் ஸ்டார்ட் செய்யாமலே எரியும். ரிவர்ஸ் விளக்குக்கு மட்டும் கார் ஓடத் தயாரான நிலையில் இருக்கவேண்டும்; மின்சாரக் கார் சத்தமில்லாமல் நகரும் என்பதால், அப்போது உள்ளே இருப்பவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக்கூடாது, நீங்களும் காருக்குப் பின்னால் நிற்கக்கூடாது.

எழுதிய குறிப்பே பாதி நோயைச் சொல்லிவிடும். ஒரு சிக்னல் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால், அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டது. மேலே உள்ள மூன்றாவது விளக்கு உட்பட எல்லாப் பிரேக் விளக்குகளும் ஒருசேர அணைந்திருந்தால், குற்றம் ஃபியூஸில் அல்லது பிரேக் மிதிக்கு மேலுள்ள சிறிய சுவிட்சில் இருக்கும். மிதியை அழுத்தியே ஸ்டார்ட் செய்யவேண்டியிருப்பதால், அந்தச் சுவிட்ச் பழுதானால் கார் ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். மூன்றாவது விளக்கு மட்டும் எரியாவிட்டால், பின்கதவின் கீலருகே ரப்பர் குழாய்க்குள் மடிந்து மடிந்து வயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் மிதியைத் தொடாமலே பிரேக் விளக்கு எரிவது பழுதல்ல. மோட்டாரே காரைத் தடுத்து மின்னைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும்போது, காரின் வேகம் ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 1.3 மீற்றருக்கு மேல் குறைந்தால் விளக்கு எரியவேண்டும் என்பது ஐ.நா. வாகன ஒழுங்குவிதி.

ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மங்கலாக மினுங்குவதுதான் மலையகத்தில் நான் அதிகம் காணும் பழுது. ஹட்டனில் மாமாவின் காரில் பிரேக்கை அழுத்தினால் இடது சிக்னல் மெல்லச் சிவந்தது. இரண்டு கராஜ்களில் விளக்கை முழுமையாக மாற்றச் சொல்லிவிட்டார்கள். மாமா பணத்தையும் எடுத்துவைத்துவிட்டார். விளக்கின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, மின்சாரம் காரின் இரும்பு உடலுக்குத் திரும்பும் கறுப்பு எர்த் வயரின் முனையில் மட்டும் நீலமும் பச்சையும் கலந்த களிம்பு, மாவு போலப் படிந்திருந்தது. மடை அடைபட்ட தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் பாய்வதைப் போல, எர்த் வழி அடைபட்ட மின்சாரம் அடுத்த பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது. அதனால்தான் அந்த மினுக்கம்.

இதைச் சோதிக்க மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வையுங்கள். பிளக் மாட்டியபடியே இருக்க, சிவப்பு ஊசியை அதன் பின்புறமாக எர்த் முனையிலும், கறுப்பு ஊசியைப் காரின் உடலில் (பொடியில்) பெயின்ட் இல்லாத இரும்பிலும் தொடவைத்து, பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பூச்சியத்தை ஒட்டிய எண் வரவேண்டும், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் தடை இருக்கிறது. மாமாவின் காரில் 2.8 காட்டியது. கிளீனரை அடித்து, தூரிகையால் தேய்த்து, பொடியில் எர்த் போல்ட்டையும் சுரண்டி இறுக்கிய பின்னர் 0.05 ஆனது. விளக்கு வாங்க வேண்டியிருக்கவில்லை.

எர்த் சரியாக இருந்தால் மின்வரவைப் பாருங்கள். பல்பைக் கழற்றி, பிரேக் மிதித்த நிலையில் ஹோல்டரில் அளந்தால் 12 வோல்ட்டுக்கு அருகில் வரவேண்டும். வந்தால் பல்பை மாற்றுங்கள். வராவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதே அம்பியர் அளவுள்ளதையே போடவேண்டும். பெரியதைப் போட்டால் வயர் எரியும். பிரேக் விளக்கு எல்.ஈ.டி. ஆக இருந்து, மின்வரவும் எர்த்தும் சரியாக இருந்தும் எரியாவிட்டால் மட்டுமே முழு விளக்கை மாற்றுங்கள். 21 வாட் சிக்னல் பல்புக்குப் பதிலாக எல்.ஈ.டி. பல்ப் போட்டால், அது இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் சிக்னல் வேகமாகத் துடிக்கலாம்; அதைப் பழுதென்று தேடி அலையாதீர்கள்.

12 வோல்ட் பற்றரியின் முனையைக் கழற்ற நினைத்தால், முதலில் பின்கதவைத் திறந்துவையுங்கள். பல கார்களில் அதன் பூட்டு அதே 12 வோல்ட்டில்தான் திறக்கும்.

விளக்கைத் திரும்ப மாட்டும்முன் அதன் பின்னுள்ள ரப்பர் பட்டை வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். காலையில் விளக்குக் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய ஆவி படிந்து வெயில் ஏறியதும் மறைந்தால் குற்றமில்லை. அடியில் தண்ணீர் தேங்கினால் பட்டையை மாற்றவேண்டும். ஈரத்துக்குப் பயந்து சிலிக்கோன் பசையால் எல்லாத் துளைகளையும் அடைத்துவிடாதீர்கள். அவற்றில் சில, விளக்கு மூச்சுவிட வைத்தவை. மாட்டிய பிறகு விளக்கின் மேல் ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றி, மறுநாள் விடியற்காலையில் டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள்.