ஒரு குறள், நாலு உரை: குழம்பாமல் படிக்க ஒரு வழி

நிறையப் படித்தால் தெளிவு வருமா, குழப்பம் வருமா? குறளிலேயே இரண்டுக்கும் பதில் இருக்கிறது, அதுதான் தொல்லையே. 396-வது குறள்: ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு’. தோண்டத் தோண்டத் தண்ணீர், படிக்கப் படிக்க அறிவு. சரி, இப்போது 373-க்கு வாருங்கள்: ‘நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றுந்தன் உண்மை யறிவே மிகும்’. என்னதான் படித்தாலும் உன்னிடம் இருக்கிற அறிவுதான் மேலே வரும் என்கிறார். இருபத்து மூன்று குறள் தள்ளி ஒரே ஆள் இப்படிப் பேசுகிறார். இதோடு நாலு உரையையும் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். நான் பல மாதம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பிடிபட்ட வழி இது. 373-ஐ வைத்தே சொல்கிறேன்.

முதலில் உரையை மூடி வையுங்கள். ஒரு நோட்டில் குறளைச் சீர் பிரித்து எழுதி, அதன் கீழே உங்களுக்குத் தோன்றும் பொருளை எழுதுங்கள். தப்பாக இருந்தால் பரவாயில்லை, சொல்லப்போனால் தப்பாக எழுதுவதில்தான் லாபம். நான் முதலில் எழுதியது, ‘பல நூல் கற்றால் உண்மையான அறிவு வளரும்’. ஆனால் ‘கற்பினும்’ என்பதில் இருக்கும் ‘உம்’ அதற்கு இடம் கொடுக்கவில்லை. ‘மழை பெய்தாலும் போவேன்’ என்று ஒருவர் சொன்னால், போகவிடாமல் மழை தடுக்கும் என்பது அதற்குள் இருக்கிறது. அதே போலத்தான் கற்பினும். கற்றாலும்கூட, வேறு ஏதோ ஒன்று ஜெயிக்கிறது.

அடுத்து, எந்தச் சொல் இடிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான் காலை வாரிவிடும். இங்கே ‘உண்மை’. இன்றைக்கு அது பொய்க்கு எதிர்ப்பதம். ஆனால் உள் என்பதோடு மை சேர்ந்த சொல் அது, ‘உள்ள தன்மை’ என்பதுதான் அடி. ஆக உண்மை அறிவு என்பது ஒருவனிடம் உள்ள அறிவு. 396-ல் ‘தொட்ட’ என்பதும் இதே கதைதான். கையால் தொடுவது இல்லை, தோண்டுவது. சந்தேகம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பாருங்கள்.

இப்போது ஒரு பழைய உரையைத் திறக்கலாம். ஒன்றே ஒன்று. குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பார்கள், அதில் ஐந்து பேர் உரை நம் கைக்கு வந்திருக்கிறது. நான் மணக்குடவரில் தொடங்குவேன், காரணம் அவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ‘தனக்கு இயல்பாகிய அறிவே’ மிகுந்து தோன்றும் என்கிறார். அதை நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் பரிமேலழகர். அவர் உரையில் இயல்பான அறிவு இல்லை, பேதைமை, அதாவது அறியாமை, வந்து உட்கார்ந்திருக்கிறது: பேதையாக்கும் ஊழ் (விதி) உள்ளவன் எத்தனை நுண்ணிய நூல் கற்றாலும் அந்தப் பேதைமைதான் மேலே வரும்.

புதிதாகப் படிப்பவர்கள் புத்தகத்தை மூடுவது இந்த இடத்தில்தான். மூடாதீர்கள். ஒரு குறள் மேலே போய் 372-ஐப் படியுங்கள். அது ‘பேதைப் படுக்கும் இழவூழ்’ என்று தொடங்குகிறது. பரிமேலழகர் 373-ஐ அதன் தொடர்ச்சியாகப் படித்திருக்கிறார், மணக்குடவர் பொதுவாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் சண்டை. ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர் எவரும் மணக்குடவர் பக்கம்தான் நிற்பார் என்பது என் அபிப்பிராயம், அது கிடக்கட்டும்.

அதிகாரத் தலைப்பையும் விட்டுவிடாதீர்கள். 373 இருப்பது ஊழ் அதிகாரத்தில், 396 இருப்பது கல்வியில். இரண்டும் மோதுவது பரிமேலழகர் கண்ணிலும் பட்டிருக்கிறது. 396-க்கு உரை எழுதும்போது அவரே 373-ஐ நினைவுபடுத்தி, இங்கே சொன்னது ஊழ் குறுக்கே நிற்காதபோது, அதனால் முரண் இல்லை என்று முடித்துவிடுகிறார். ஏழெட்டு நூற்றாண்டுக்கு முன்னாலேயே ஒருவர் நம்மைப் போலவே இங்கே இடறியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இக்கால உரைகளைக் கடைசிக்கு வையுங்கள். மு. வரதராசனார் ஊழை விடாமல் பொருள் சொல்வார், கலைஞர் ‘இயற்கை அறிவு’ என்று போவார். முதலிலேயே இவற்றைப் படித்தால் எது குறள், எது உரைகாரரின் கொள்கை என்று பிரிக்க முடியாது.

மூன்றாவது உரையைத் திறக்கும் முன் ஒரு சோதனை: இதுவரை படித்த இரண்டு பேரும் எந்தச் சொல்லில் பிரிகிறார்கள் என்று ஒரு வரியில் எழுத முடிகிறதா? முடியாவிட்டால் மூன்றாவது வேண்டாம், மறுபடி குறளுக்கே போங்கள். எழுத முடிந்தும் யார் சரி என்று தெரியவில்லை என்றால் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த குறளுக்கு நகருங்கள். என் நோட்டில் அப்படி நாற்பதுக்கு மேல் இருக்கும், எல்லாம் பென்சிலில்.