கோடை அறிவியல் முகாம்: ஹைஸ்கூல் பிள்ளைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி?

நவம்பர் பிறந்தால் போதும், அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "பையன் டென்த் படிக்கிறான், சம்மருக்கு எந்த ப்ரோக்ராம் நல்லது?" உடனே பதிலுக்குப் பத்துப் பெயர்கள் வந்து விழும். ஆர்.எஸ்.ஐ., காஸ்மோஸ், ஏதோ ஒரு ஐவி லீக் வளாகம். கேட்டவருக்கு முன்பைவிடக் குழப்பம்தான் மிச்சம். அந்தப் பட்டியலில் இலவசமானதும் இருக்கும், பதினைந்தாயிரம் டாலர் கேட்பதும் இருக்கும். நூறு பேரை மட்டும் எடுப்பதும், கிரெடிட் கார்டு இருந்தால் யாரையும் எடுப்பதும் ஒரே வரிசையில் நிற்கும்.

இப்போதுதான் முதன்முதலாக இதில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய பெயர்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கீழே உள்ள வரிசையில் போனால் வேலை சுலபம்.

படி 1: யார் பணம் கட்டுகிறார்கள் என்று பாருங்கள்

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் முதலில் கட்டணப் பக்கத்துக்குப் போங்கள். அந்த முகாம் யாருக்காக நடக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் வகை, வேறு யாரோ செலவை ஏற்பவை. எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற ஆய்வு முகாம் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க அணுசக்திக் கடற்படையை உருவாக்கிய அட்மிரல் ரிக்கோவர் 1983இல் இணைந்து தொடங்கிய அறக்கட்டளை ஒன்று, 1984 முதல் இதை நடத்துகிறது. ஆறு வாரம், தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம், பயணச் செலவு மட்டும் நம்முடையது. உலகம் முழுவதிலுமிருந்து எடுப்பது சுமார் 100 பேர். அதே எம்.ஐ.டி.யின் மைட்ஸ் ஆறு வாரக் கோடை முகாமும் இலவசம். டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் கிளார்க் ஸ்காலர்ஸ் 12 பேரை மட்டும் எடுத்து, கையில் ஸ்டைபெண்டும் (உதவிப்பணம்) கொடுக்கிறது.

மாநில அரசுகள் நடத்தும் கவர்னர்ஸ் ஸ்கூல் என்ற கோடைப் பள்ளிகளும் இந்த வகைதான். நம்மவர்கள் அதிகம் கண்டுகொள்ளாதவை இவை. நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருப்பவர்களுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கென்றே ஒன்று இருக்கிறது; அறிவியலுக்கு ட்ரூ பல்கலைக்கழகத்தில் இன்னொன்று. பென்சில்வேனியாவினருக்கு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஐந்து வார அறிவியல் பள்ளி நடக்கிறது. அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகள் மட்டுமே போட்டியிடுவதால், தேசிய முகாம்களைவிட வாய்ப்பு அதிகம். ஒரு எச்சரிக்கை: மாநில பட்ஜெட்டை நம்பியிருப்பவை திடீரென்று நின்றும் போகும். பென்சில்வேனியா பள்ளி 2009இல் நிதியில்லாமல் மூடப்பட்டு, முன்னாள் மாணவர்களின் முயற்சியால் 2013இல்தான் மறுபடி திறந்தது. அதனால் "இந்த வருடம் நடக்கிறதா?" என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வகை, கட்டணம் உண்டு, ஆனால் தேர்வும் கடுமை, வருமானத்துக்கு ஏற்ற உதவியும் உண்டு. 1959இல் கலிபோர்னியாவின் ஒஹாய் ஊரில் தொடங்கிய சம்மர் சயின்ஸ் ப்ரோக்ராம், 1957இலிருந்து நடக்கும் ராஸ் கணித முகாம், 1989இலிருந்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ப்ராமிஸ் கணித முகாம், கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் நான்கு வாரம் நடக்கும் காஸ்மோஸ் எல்லாம் இதில் சேரும். கட்டணத்தைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். குவால்காம் நிறுவனர்களில் ஒருவரான ஃபிராங்க்ளின் அன்டோனியோ, சிறுவயதில் சம்மர் சயின்ஸ் ப்ரோக்ராமில் படித்தவர். 2022இல் மறைந்தபோது அதற்குச் சுமார் 20 கோடி டாலர் விட்டுச்சென்றார். அப்படிப்பட்ட பணம் உதவித்தொகையாகத்தான் பிள்ளைகளுக்கு வந்து சேருகிறது. நிதி உதவி விண்ணப்பத்தை நிரப்பக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

மூன்றாவது வகை, நாம் முழுப் பணமும் கட்டுபவை. பெரிய பெயருள்ள வளாகத்தில் ஆறேழு வாரம் தங்கிப் படிக்கும் கோடைப் பாடங்கள் 10,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். இவை எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். உண்மையான கல்லூரிப் பாடத்தைப் பேராசிரியரிடம் படித்து, கிரெடிட்டும் வாங்கிவரலாம். ஆனால் "அங்கே கோடையில் படித்தால் அங்கேயே அட்மிஷன் கிடைக்கும்" என்று நினைத்துப் பணம் கட்டுவதாக இருந்தால், கட்டாதீர்கள்.

இதில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவை, வளாகத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் தனியார் நிறுவனங்கள். கட்டடம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. ஆசிரியர், பாடம், சான்றிதழ் எதுவும் அவர்களுடையதல்ல. இணைய முகவரி ".edu" என்று முடிகிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் அந்த முகாமின் பெயரைத் தேடிப் பாருங்கள். தங்க முத்திரை போட்ட உறையில் "உங்கள் பிள்ளை தேர்வு செய்யப்பட்டிருக்கிறார்" என்று தபாலில் கடிதம் வந்தால், விண்ணப்பிக்காமலே எப்படித் தேர்வானார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

படி 2: தகுதி. முக்கியமாக விசா

வகுப்பும் வயதும் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஆர்.எஸ்.ஐ., மைட்ஸ் இரண்டும் 11ஆம் வகுப்பில் இருக்கும்போது விண்ணப்பிப்பவை. கிளார்க் ஸ்காலர்ஸுக்கு 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு காஸ்மோஸ் மாதிரியானவையும் கணித முகாம்களும்தான் பெரும்பாலும் பொருந்தும். பெண் குழந்தை என்றால் ஸ்மித் கல்லூரியின் கோடை அறிவியல் பொறியியல் முகாமையும் பட்டியலில் வையுங்கள். ஹைஸ்கூல் மாணவிகளுக்கென்றே நடக்கிறது.

நம் சமூகத்தில் பலருக்கு இடிக்கும் இடம் விசா. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் எச்-4இல் இருக்கும் பிள்ளை இங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. நாசாவின் இன்டர்ன்ஷிப்புகள் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். தேசியச் சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.சின் கோடைப் பயிற்சிக்குக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். கடற்படை ஆய்வகங்களின் பயிற்சியும் ஏறக்குறைய அப்படித்தான். பிள்ளை இரண்டு வாரம் உட்கார்ந்து எஸ்ஸே எழுதி முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. முதல் நாளே தகுதிப் பக்கத்தில் குடியுரிமை பற்றி என்ன இருக்கிறது என்று தேடிப் படியுங்கள்.

ஸ்டைபெண்ட் கொடுக்கும் முகாமாக இருந்து விதி தெளிவாக இல்லையென்றால், மின்னஞ்சலில் நேராகக் கேளுங்கள்: "எங்கள் பிள்ளை எச்-4 விசாவில் இருக்கிறார். ஸ்டைபெண்ட் இல்லாமல் கலந்துகொள்ள முடியுமா?" சில இடங்களில் முடியும், சில இடங்களில் முடியாது. கேட்டதற்காக யாரும் விண்ணப்பத்தை ஒதுக்கப் போவதில்லை.

படி 3: அங்கே போய்ப் பிள்ளை என்ன செய்யும்?

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். "ஸ்டெம்", "லீடர்ஷிப்", "இன்னொவேஷன்" எல்லாம் விளம்பரச் சொற்கள். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கும் என்பதற்கு இணையதளத்தில் பதில் கிடைக்க வேண்டும்.

சம்மர் சயின்ஸ் ப்ரோக்ராமின் வானியல் பிரிவைப் பாருங்கள். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, பூமிக்கு அருகே வரும் ஒரு சிறுகோளை இரவில் தொலைநோக்கியில் படம் பிடிக்கிறார்கள். படத்தில் அதன் இடத்தை அளந்து, காஸ் என்ற கணித மேதை வகுத்த முறைப்படி சுற்றுப்பாதையைக் கணக்கிடும் நிரலைத் தாங்களே எழுதுகிறார்கள். அவர்களுடைய அளவீடுகள் சர்வதேச சிறுகோள் மையத்துக்குப் போகின்றன. பகலில் கால்குலஸும் இயற்பியலும் வகுப்புகள், இரவில் தூக்கமில்லாத வேலை. இதைப் படித்து ஒரு பிள்ளைக்குக் கண் விரியும், இன்னொன்றுக்குக் கொட்டாவி வரும். எது வருகிறது என்று பாருங்கள்.

ராஸிலும் ப்ராமிஸிலும் ஆய்வகமே கிடையாது. நாள் முழுக்க எண் கோட்பாட்டுக் கணக்குகள். விடையை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பிள்ளையே சிறு எண்களைப் போட்டுப் பார்த்து, ஒழுங்கைக் கண்டுபிடித்து, பிறகு நிரூபிக்க வேண்டும். போட்டித் தேர்வுகளில் வேகமாக விடை போடும் பிள்ளைகளே சில சமயம் இங்கே திணறுவதுண்டு. ஒரே கணக்கோடு மூன்று நாள் மல்லுக்கட்டும் பொறுமையுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆர்.எஸ்.ஐ. முறை வேறு. முதல் வாரம் வகுப்புகள், அடுத்த ஐந்து வாரம் ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு, கடைசியில் கட்டுரையும் மேடைப் பேச்சும்.

கையால் செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு எம்.ஐ.டி.யின் பீவர் வொர்க்ஸ் கோடை முகாம் நல்லது. 2016இல் ரேஸ்கார் என்ற, தானே ஓடும் சிறிய கார் வகுப்போடு தொடங்கியது; இப்போது பல பிரிவுகள். இதில் எனக்குப் பிடித்தது, கோடைக்கு முன்பே ஓர் இணையவழிப் பாடத்தை முடிக்கச் சொல்கிறார்கள் என்பது. கோடையில் இடம் கிடைக்காமல் போனாலும் அந்தப் பாடத்தில் கற்றது பிள்ளையோடு இருக்கும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படியில் நாம் பேசுவதைக் குறைப்பது நல்லது. நான்கைந்து முகாம்களின் பக்கங்களைத் திறந்து கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். அரை மணி நேரம் கழித்து எந்தப் பக்கம் இன்னும் திறந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

படி 4: பட்டியலை ஐந்தாக, ஆறாகக் குறையுங்கள்

கடினமானவை இரண்டு, உங்கள் மாநிலத்துக்கானவை இரண்டு, கிடைக்கும் என்று ஓரளவு நம்பக்கூடியது ஒன்று. ஆறுக்கு மேல் போனால் எஸ்ஸேக்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும், படிப்பவருக்கு அது தெரிந்தும்விடும்.

படி 5: நாட்காட்டியும் ஊர்ப் பயணமும்

டெட்லைன்கள் குளிர்காலத்திலேயே வந்துவிடும். ஆர்.எஸ்.ஐ. டிசம்பரில் முடிகிறது. மைட்ஸ், காஸ்மோஸ் போன்றவை பிப்ரவரியை ஒட்டி, கணித முகாம்கள் பெரும்பாலும் மார்ச்சில். தேதி ஆண்டுதோறும் கொஞ்சம் நகரும், தளத்தில் பார்த்து ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

இன்னொரு பக்கம், ஊருக்குப் போக டிக்கெட் போடுவதும் அதே டிசம்பரில்தான். பெரும்பாலான முகாம்கள் ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரம் வரை ஓடும். டெக்சஸில் மே கடைசியிலேயே பள்ளி மூடிவிடுவதால், ஜூன் மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிவிடலாம். நியூஜெர்சியில் பள்ளி முடியவே ஜூன் இருபது ஆகிவிடும். அவர்களுக்கு முகாம் முடிந்து ஆகஸ்டில்தான் வழி. ஆவணி முகூர்த்தத்தில் சொந்தத்தில் கல்யாணம் ஏதாவது வந்தால் அதுவே தோதாகவும் அமையும். முகாமில் பாதியில் கிளம்பவோ, ஒரு வாரம் தாமதமாகச் சேரவோ விடமாட்டார்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள். பாட்டி, தாத்தாவிடம் "இந்த வருஷம் ஆடியில் இல்லை, ஆவணியில் வருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் இருக்காது.

படி 6: விண்ணப்பம்

சிபாரிசுக் கடிதத்தை கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பே கேட்க வேண்டும். 11ஆம் வகுப்பு ஆசிரியருக்குப் பிள்ளையைச் செப்டம்பரிலிருந்துதான் தெரியும் என்பதை மறக்காதீர்கள். வகுப்பில் செய்த ப்ராஜெக்ட், கேட்ட கேள்வி, தோற்றுப்போன சோதனை என்று ஒரு பக்கக் குறிப்பைப் பிள்ளையே எழுதி ஆசிரியரிடம் கொடுக்கட்டும். மதிப்பெண் பட்டியலை அனுப்புவது பள்ளி கவுன்சலர். அவருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருப்பார்கள், அவரிடமும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் நடக்கும் சைமன்ஸ் ஆய்வு முகாமுக்குப் பள்ளியே பரிந்துரைக்க வேண்டும் என்பதால், அதற்கு ஆசைப்படுகிறவர்கள் கவுன்சலரை முதலில் பாருங்கள்.

எஸ்ஸேயில் "சிறுவயதிலிருந்தே எனக்கு அறிவியல் என்றால் உயிர்" என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அதற்குப் பதில், வீட்டில் பிரித்துப் போட்ட மிக்ஸி மோட்டாரைப் பற்றியோ, ரோபோட்டிக்ஸ் போட்டியில் கியர் உடைந்ததற்குக் காரணம் தேடியதைப் பற்றியோ ஒரு பத்தி எழுதினால், படிப்பவருக்குப் பிள்ளை கண்ணில் தெரியும். மொழியை நீங்கள் திருத்தாதீர்கள். நாற்பத்தைந்து வயதுக்காரரின் ஆங்கிலம் பதினாறு வயது எஸ்ஸேயில் பளிச்சென்று தெரியும்.

கணித முகாம்களின் விண்ணப்பத்திலேயே கணக்குகள் இருக்கும். அவற்றைச் சாட்ஜிபிடியிடமோ, ஐ.ஐ.டி.யில் படித்த சித்தப்பாவிடமோ கொண்டுபோகக் கூடாது. நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கணக்குகளோடு தனியாக உட்காரப் பிடிக்காத பிள்ளை ஆறு வாரம் அங்கே என்ன செய்யும்?

படி 7: முடிவு வந்த பிறகு

இடம் கிடைத்தால், பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முன்பணம் திரும்பக் கிடைக்குமா, இரவில் விடுதியில் பொறுப்பாளர் யார், மருத்துவக் காப்பீடு எப்படி. தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே சில வாரம் ஆகலாம். சைவச் சாப்பாடு அநேகமாக எல்லா வளாகத்திலும் உண்டு. ரசம் இருக்காது, அவ்வளவுதான்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால், ஏப்ரலில் அவசரமாக முழுக்கட்டண முகாம் ஒன்றைத் தேடிப் பணம் கட்ட வேண்டாம். பக்கத்துக் கம்யூனிட்டி கல்லூரியில் கோடையில் ஒரு பாடம் எடுக்கலாம். கலிபோர்னியாவில் ஹைஸ்கூல் மாணவர்களுக்குப் பாடக் கட்டணத்தைப் பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்குப் பிள்ளையே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். ஒவ்வொருவரின் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு, அதைப் பற்றி இரண்டு வரி சேர்த்து எழுத வேண்டும். வேதிப்பொருள் புழங்கும் ஆய்வகங்களில் 18 வயதுக்குக் கீழே சேர்க்கப் பல இடங்களில் தயங்குவார்கள். தரவு, நிரல், கணினி மாதிரி என்று வேலை நடக்கும் குழுக்களைத் தேடினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். பத்துப் பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடலாம். இந்த மின்னஞ்சல்களை மே மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள், ஜூனில் பேராசிரியர்களும் ஊரில் இருக்க மாட்டார்கள்.