கட்டி சார்க்: பாதிக் கப்பலை மரத்தில் செதுக்கலாம் வாங்க

19ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டியவர்களில் பலர், முதலில் ஒரு பக்கத்தை மட்டும் மரத்தில் செதுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். மறுபக்கமும் அதே வடிவம்தானே, பாதி போதும். நாம் அதையே சுவரில் மாட்டுவதற்காகச் செய்யப்போகிறோம். எடுத்துக்கொள்வது ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் 1869இல் நீரில் இறங்கி, இப்போது லண்டன் கிரீனிச்சில் நிற்கும் கட்டி சார்க் என்ற தேயிலைக் கப்பல்.

அதன் நீளம் சுமார் 64.7 மீட்டர், அகலம் சுமார் 11 மீட்டர். 1:200 அளவில் 32 செ.மீ. சொச்சம் நீளமும், பாதி அகலம் 2.7 செ.மீ.யும் வரும். இதைவிடச் சின்னதாக வேண்டாம், முனைகள் கையோடு வந்துவிடும்.

கப்பலின் வடிவக்கோட்டு வரைபடத்தை அச்செடுத்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், பிரிண்டர் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். அதில் மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கும் வளைவுகள்தான் நீர்க்கோடுகள். இரண்டு நீர்க்கோடுகளுக்கு நடுவே எவ்வளவு உயரமோ அதே தடிமனில் பலகை வாங்குங்கள். குமிழ மரம், பைன் மரம் இரண்டும் உளிக்கு இளகும். ஒவ்வொரு பலகையையும் அதன் மேல்பக்க நீர்க்கோட்டின்படி அறுத்து, வரைபடத்தில் கப்பலின் நீளத்துக்குக் குறுக்கே இடைவெளி விட்டு நிற்கும் குறுக்குக்கோடுகளையும் பென்சிலால் போட்டு, அவை நேராக நிற்கும்படி அடுக்கி ஒட்டுங்கள். மேல் பலகை மட்டும் தடிமனாக இருக்கட்டும், தளத்தின் வளைவு அதில்தான் வரும். ஃபெவிகால் போட்டு இறுக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

கவிழ்த்துப் பார்த்தால் படிக்கட்டு மாதிரி இருக்கும். படிகளின் உள்மூலைதான் கப்பலின் உண்மையான வடிவம். நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவ வேண்டும், மூலை மறையும் இடத்தில் கை நின்றுவிட வேண்டும். இழைப்புளியை நடுவிலிருந்து முனைகளை நோக்கித் தள்ளுங்கள், எதிர்ப்பக்கமாகப் போனால் மரம் பிய்யும். அப்புறம் குறுக்கு வெட்டுகளை (அந்தக் குறுக்குக்கோடுகளில் கப்பலை அறுத்தால் தெரியும் வடிவங்களை) அட்டையில் வெட்டி, ஓரத்தில் பென்சில் கரியைத் தேய்த்து மரக் கப்பலின் உடம்பில் வைத்து அழுத்துங்கள்: கரி ஒட்டும் இடம் மேடு, அதை மட்டும் எடுங்கள்.

பின்பகுதிக்குத்தான் பொறுமை வேண்டும். சுக்கான் பக்கம் உடல் உள்வாங்கிக் குழியும், அங்கே தட்டை உளி உதவாது, உருண்டைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். (இந்தக் கப்பலின் வடிவத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் தி ட்வீட், பம்பாயில் பஞ்சாப் என்ற பெயரில் கட்டிய நீராவிப் போர்க்கப்பல்! கட்டி சார்க்கின் முதலாளி ஜான் வில்லிஸ் அதை வாங்கி, இயந்திரத்தைக் கழற்றிப் பாய்க்கப்பலாக்கினார்.)

80, 120, 220 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டு, அடியில் ஓடும் ஏராக்கட்டைக்கு மெல்லிய சட்டம் ஒட்டுங்கள். பெயின்ட் என்றால் மேலே கறுப்பு, நீருக்குக் கீழே பித்தளை நிறம், ஏனென்றால் அசலில் அங்கே மன்ட்ஸ் உலோகம் என்ற பித்தளை வகைத் தகடு உண்டு. எனக்கு வார்னிஷ்தான் பிடிக்கும், ஒட்டிய அடுக்குகள் தெரியும்.

சுவரில் மாட்டுவதற்கான பின்பலகையில் கப்பலைப் பொருத்தும் திருகாணிகளைப் பின்பக்கமிருந்து, உடல் தடித்த நடுப்பகுதியில் மட்டும் முடுக்குங்கள். முனைகளுக்குப் பசை போதும்.