பழைய லாச்சி, ஜாம் போத்தல், ஃபேன் கூடு: கொழும்புக் குசினிக்கு உதவும் சாமான் தட்டுகள்

வீடு மாறும்போதும் பழைய வீடு உடைக்கும்போதும் முதலில் வாசலுக்கு வருபவை லாச்சிகள், யன்னல் கதவுகள், ஓடாத ஃபேன். போத்தல் கடதாசி வாங்குபவரின் வண்டியில் ஏறும் முன் அவற்றில் பாதியைக் குசினிக்குத் திருப்பிவிடலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கொழும்பில் தட்டுகளைப் பாரத்தைவிட ஈரம்தான் அதிகம் கெடுக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்வதால் சாதாரண இரும்பு ஆணி சீக்கிரமே சிவந்துவிடும். திருகாணிகளைத் துருப்பிடிக்காத எவர்சில்வரிலோ பித்தளையிலோ வாங்குங்கள். பழைய சோனகத் தெருவின் வன்பொருள் கடைகளில் தேவையான எண்ணிக்கையைச் சொல்லி வாங்கலாம்.

எடுக்கக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பெயிண்ட் வாளியின் மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதில் அரிசி போடாதீர்கள். பிளாஸ்டிக்கில் ஊறியதைச் சவர்க்காரம் எடுக்காது. பூச்சிமருந்து, தரை கழுவும் திரவம் இருந்த கலன்களும் அப்படித்தான். பழைய யன்னல் கதவுகளில் இருக்கும் ஆபத்து ஈயம். பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்ற கட்டாய வரம்பு இலங்கையில் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் படியும். சின்னப் பிள்ளைகளுக்கு அது மிகவும் கெடுதி. பூச்சு உறுதியாக இருந்தால் தேய்க்காமல் மேலே புதுப் பூச்சு அடியுங்கள். உரிந்துகொண்டிருந்தால் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டி, கழிவைக் கடதாசியில் மடித்துக் கட்டி அகற்றுங்கள். சாய்வுச் சட்டம் வைத்த யன்னல் கதவு சட்டி மூடிகளைச் செருகி வைக்க நன்றாக இருக்கும். உணவு நேரே படும் தட்டாக மட்டும் அதை ஆக்க வேண்டாம்.

லாச்சியில் சுவர்த்தட்டு

இதில்தான் பிழை அதிகம் நடக்கும். முதலில் மரத்தைப் பாருங்கள். தேக்கு, பலா, மகோகனி என்றால் கவலையில்லை. சிப்போர்ட் லாச்சியின் உரிந்த மூலையை விரலால் அழுத்தினால் தவிடுபோல் உதிரும். திருகாணியைப் பிடிக்காது, ஈரம் பட்டால் ஊதிவிடும். குண்டூசி அளவு ஓட்டைகளிலிருந்து மாவுபோல் தூள் கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அதை வாசலோடு விட்டுவிடுங்கள்.

45 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் 12 செ.மீ. ஆழமும் உள்ள லாச்சி என்று வைத்துக்கொள்வோம். நீளப்பக்கம் படுக்கையாக, திறந்த வாய் முன்னால் வரும்படி நிமிர்த்துங்கள். இப்போது அடிப்பலகைதான் முதுகு. பலரும் அந்த முதுகில் நேரே ஆணி அடித்துச் சுவரில் மாட்டுகிறார்கள். அது பெரும்பாலும் 3 அல்லது 4 மி.மீ. தடிப்புள்ள ஹார்ட்போர்ட், பள்ளத்தில் செருகப்பட்டிருக்கும், அவ்வளவுதான். சீனிப் போத்தலும் பருப்புப் போத்தலும் ஏறியதும் முதுகு சுவரிலேயே நிற்க, பெட்டி கழன்று கீழே வரும்.

பாரத்தைத் தாங்க வேண்டியது 2×1 அங்குலச் சட்டம். லாச்சியின் உள்நீளத்துக்குச் சரியாக வெட்டி, மேல்பலகைக்கு அடியில் முதுகை ஒட்டி வையுங்கள். மரப்பசை பூசி, மேல்பலகை வழியாக மூன்று, பக்கப்பலகைகள் வழியாக ஒவ்வொன்று என 1½ அங்குலத் திருகாணி இறக்குங்கள். பழைய மரம் காய்ந்து இறுகியிருக்கும், முதலில் 2.5 மி.மீ. துளை போடாவிட்டால் பலகை பிளந்துவிடும். பசை காய ஒரு நாள் விடுங்கள்.

முதுகுப் பலகை பெட்டியின் விளிம்பிலிருந்து சுமார் 1 செ.மீ. உள்ளே தள்ளி இருக்கும். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே காற்றோட இந்த இடைவெளி தேவை. ஆனால் சட்டத்தையும் முதுகையும் துளைத்துச் சுவருக்குள் போகும் திருகாணி வரும் இடத்தில், அந்த இடைவெளியின் அளவே தடிப்புள்ள பிளைவுட் துண்டு வைக்காவிட்டால், முறுக்கும்போது முதுகு சுவரை நோக்கி வளையும்.

சுவரில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் போதும். 8 மி.மீ. பிட், அதற்கான ரோல் பிளக் (திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை), 10ஆம் இலக்க 3½ அங்குலத் திருகாணி. சுவரின் சாந்துப் பூச்சு எதையும் பிடிக்காது. அதைத் தாண்டிக் கல்லுக்குள் போக வேண்டும் என்பதால் துளை 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையக் கூடாது. பிட்டில் டேப் சுற்றி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். துளைக்கும்போது பிட் திடீரென்று உள்ளே பாய்ந்தால் அது உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல். சாதாரண பிளக் அதில் சுழன்றுகொண்டே இருக்கும். பின்னால் விரிந்து பிடிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சுவிட்சுக்கும் பிளக் பொயின்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடும், தண்ணீர்க் குழாய்க்கு நேர் மேலே பைப் ஓடும். அந்தக் கோடுகளில் துளைக்கவே வேண்டாம். அடுப்புக்கு நேர் மேலும் வேண்டாம். நீராவியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து ஆறே மாதத்தில் பிசினாக ஒட்டும்.

வாடகை வீட்டில் சுவர் துளைக்க விடமாட்டார்கள் என்றால் லாச்சியைச் சுவரோடு சாய்த்து மேசைமேல் நிறுத்துங்கள். பழைய ரப்பர் செருப்பை 2 செ.மீ. சதுரமாக வெட்டி நாலு மூலையிலும் ஒட்டினால் வழுக்காது, அடியில் ஈரமும் ஏறாது. பிஸ்கட் டின்களுக்கும் இதே பாதம் போடுங்கள். டின் எப்போதும் அடி மடிப்பிலிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும்.

தட்டின் அடியில் தொங்கும் போத்தல்கள்

மிளகு, சீரகம், மஞ்சள் போன்றவற்றுக்கு ஜாம் போத்தல். மூடியைத் தட்டின் அடியில் பூட்டி, போத்தலை அதில் முறுக்கிக்கொள்வதுதான் முறை. ஒரே திருகாணி போட்டால் போத்தலைத் திறக்கும்போது மூடியும் சேர்ந்து சுழலும். ஒரு மூடிக்கு இரண்டு வேண்டும், நடுவிலிருந்து இருபக்கமும் 1.5 செ.மீ. தள்ளி. பலகை 18 மி.மீ. என்றால் திருகாணி அரை அங்குலம், அதற்கு மேல் போனால் முனை மேலே எட்டிப்பார்க்கும். துளை வழியே ஈரம் புகாமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபில் காசளவு வட்டம் வெட்டி திருகாணித் தலைக்கு அடியில் வையுங்கள். 7 செ.மீ. அகலப் போத்தல்களுக்கு மூடியின் நடுவிலிருந்து அடுத்த மூடியின் நடுவுக்கு 11 செ.மீ. விடுங்கள், நெருங்கினால் விரல் போகாது. விளிம்பில் துரு கண்ட மூடி, வாய் சில்லுப் போன போத்தல் இரண்டும் வேண்டாம். ஊறுகாய் இருந்த மூடியின் உள்வளையத்தில் வாசனை தங்கிவிடும். அதில் ஏலக்காய் போட்டால் ஏலக்காய் வீண்.

லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரியுங்கள். மிஞ்சும் பசையில் அப்பச்சோடாவும் தேங்காய் எண்ணெயும் சம அளவு குழைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துத் தேய்த்தால் வந்துவிடும். போத்தலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துத்தான் சூடாக்க வேண்டும், கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வெடிக்கும். பத்து நிமிடம் கொதித்தால் போதும். காய்ந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. வெறும் போத்தலை மூடி இரவு முழுக்க வையுங்கள்; காலையில் உட்புறம் மங்கலாக இருந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். மிளகாய்த்தூள் கட்டி பிடிப்பதற்குப் பெரும்பாலும் இந்த அவசரமே காரணம்.

ஃபேன் கூட்டில் வெங்காயம்

16 அங்குல நில ஃபேனின் கூடு இரண்டு பாதியாகக் கழலும். ஆழம் கூடிய பின்பாதியை எடுங்கள். மோட்டார் பூட்டிய நடு ஓட்டையை உள்ளிருந்து ஒரு டின் மூடியால் அடைத்து, மூடியில் சில துளைகள் இட்டு, கம்பியோடு கட்டுங்கள். துருவைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சு ஒன்று, அதன்மேல் எனாமல் இரண்டு அடித்து, மணம் முற்றாகப் போகும்வரை வெளியே தொங்கவிடுங்கள். சம இடைவெளியில் மூன்று சங்கிலி போடுங்கள். நாலு போட்டால் எப்போதும் ஒன்று தொய்ந்து கூடு சாயும். 3 கிலோவுக்கு மேல் நிரப்பினால் அடியிலுள்ள வெங்காயம் காற்றில்லாமல் அழுகும். உருளைக்கிழங்கை இதில் கலக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் அது பச்சையாகும். அதற்கு மூடிய லாச்சியே சரி.

கொளுக்கியை மர வளையிலோ கொங்கிரீட்டிலோ மட்டும் போடுங்கள். பழைய வீடுகளில் சீலிங் தகடு அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு போகும்.

எறும்பு சங்கிலி வழியாக இறங்கிவரும். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வாஸ்லைன் தடவி, தூசி படிந்ததும் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள். நிலத்தில் நிற்கும் தட்டின் கால்களுக்கும் இதுவே நல்லது. காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழக்கம் இருந்தால், வாரம் ஒருமுறை தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை கிண்ணத்தின் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் அது போகாது.