வாசல் கதவுக்கு ஒரு துணி வளையம்

கதவில் மாட்டும் இந்த அலங்காரத்தை மலர்வளையம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தமிழில் அந்தச் சொல் அஞ்சலிக்கென்றே ஒதுங்கிவிட்டது, மும்பை மாட்டுங்காவில் எங்கள் மேல்மாடி மாமியிடம் ஒருமுறை வாய்தவறி அப்படிச் சொல்லிவிட, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று அவர் பதறிப்போனார். ஆகவே இதைத் துணி வளையம் என்றே அழைப்போம். கிறிஸ்துமஸுக்குப் பசுங்கிளைகளை வளைத்துக் கதவில் தொங்கவிடும் மேற்கத்திய வழக்கத்திலிருந்து வந்ததுதான் என்றாலும், வீட்டுக்கு வீடு நிலையில் தோரணம் தொங்கும் மும்பையில் இதைத் தீபாவளிக்கு மாட்டினாலும் அந்நியமாகத் தெரியாது.

அடித்தளத்துக்கு 10 அங்குல எம்பிராய்டரி ஃப்ரேம் ஒன்று போதும். திருகு உள்ள வெளி வளையத்தை எடுத்துவைத்துவிட்டு, உள் வளையத்தை மட்டும் பயன்படுத்த வேண்டும். அரை மீட்டர் பருத்தித் துணி, அரை அங்குல சாட்டின் ரிப்பன் 4 மீட்டர், ஓர் அங்குல ரிப்பன் 2 மீட்டர், சுற்றுவதற்கு ஒரு பழைய துப்பட்டா ஆகியவையே மற்ற பொருள்கள். துணிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட்டும், ரிப்பனுக்கு அதையொட்டிய கிராஃபர்ட் மார்க்கெட் கடைகளும் வசதி. மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ ரயிலில் ஏறி மஸ்ஜித் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஆனால் என்னைக் கேட்டால், அலமாரியில் கிடக்கும் பழைய சுங்குடிப் புடவையைவிடப் பொருத்தமான துணி கடையில் கிடைக்காது. புதுத் துணியாக இருந்தால் ஒருமுறை நனைத்துக் காயவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணியைக் கத்தரிக்க வேண்டாம், கிழியுங்கள். ஓரத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு சிறு வெட்டுப் போட்டு இரு கைகளாலும் இழுத்தால், பருத்தி 'சர்'ரென்று நூல் பிடித்து நேராகக் கிழியும். ஓரத்தில் பிரிந்து நிற்கும் பிசிறே பின்னர் அழகாக அமையும். வழக்கமான 110 சென்டிமீட்டர் அகலத் துணியில் அரை மீட்டருக்கு 20 நீளப் பட்டைகள் வரும். ஒவ்வொன்றையும் 20 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் மொத்தம் 100 துண்டுகள் கிடைக்கும். அரை அங்குல ரிப்பனை 25 சென்டிமீட்டர் அளவில் 16 துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்து, துப்பட்டாவிலிருந்து நீளப் பட்டையொன்றை எடுத்து, சும்மாடு சுற்றுவது போல மர வளையத்தின் மேல் இறுக்கமாகச் சுற்றி, முனையை ஊசி நூலால் தைத்துவிட வேண்டும். வழவழப்பான மரத்தில் முடிச்சுகள் சறுக்கும் என்பதால் இந்த வேலையைத் தவிர்க்கக் கூடாது.

இனி முடிச்சு. துணித் துண்டை வளையத்தின் அடியில் கொடுத்து, இரு நுனிகளையும் சமமாக்கி, வெளிப்புறம் பார்த்தபடி இரட்டை முடிச்சாகப் போட வேண்டும். நான்கு துணிக்கு ஒரு ரிப்பன் என்ற கணக்கில் கட்டி, பத்து முடிச்சுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் விரலால் ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இந்த வளையத்தின் அழகு முழுவதும் அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. மாட்டுங்கா நிலையத்துக்கு வெளியே பூ விற்கும் அம்மாக்கள் மல்லியைத் தொடுக்கும்போது நார் கண்ணுக்குத் தெரிகிறதா? அதுபோல் அடித்தளம் எங்கும் தெரியக் கூடாது. நான் முதலில் செய்த வளையத்தில் துணியை மிச்சம் பிடிக்க நினைத்து ஐம்பது முடிச்சோடு நிறுத்தினேன். தொங்கவிட்ட மறுநாளே முடிச்சுகளெல்லாம் கீழே சரிந்து, மேல்பாதி வழுக்கையாகிவிட்டது. இந்த அளவுக்கு ஏறத்தாழ 80 முடிச்சுகள் தேவைப்படும்; மிஞ்சும் துண்டுகள் இடைவெளி தெரியும் இடங்களை அடைக்க உதவும்.

சாட்டின் ரிப்பனின் முனையைச் சாய்வாக வெட்டி, மெழுகுவத்திச் சுடரின் அடிப்பகுதிக்கு அருகே ஒரு நொடி காட்டி எடுத்தால், பாலியெஸ்டர் இழைகள் உருகி ஒட்டிக்கொண்டு பிரியாமல் நிற்கும். பருத்தியிடம் இதைச் செய்யக் கூடாது. அது உருகாது, பற்றிக்கொள்ளும்.

அகல ரிப்பனில் 25 சென்டிமீட்டர் வாலாக விட்டுவிட்டு, பக்கத்துக்கு மூன்றாக ஆறு மடிப்புகள் போட்டு, மறுமுனையிலும் அதே அளவு வால் விட்டு, நடுவை நூலால் இறுக்கிக் கட்டினால் பூமுடிச்சு தயார். மடிப்புகளை ஆளுக்கொரு திசையில் இழுத்துப் பிரித்துவிட்டு, வளையத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். பசைத் துப்பாக்கி விரைவானதுதான். ஆனாலும் தைத்ததைப் பிரித்துத் துவைக்கலாம் என்பதால் என் ஓட்டு ஊசிக்கே.

கம்பி வைத்த சேஃப்டி டோர் இருந்தால் ஒரு ரிப்பனால் கட்டித் தொங்கவிடலாம். வெறும் மரக்கதவானால் ஆணி அடிக்காமல், நீண்ட ரிப்பனைக் கதவின் மேல்விளிம்பைத் தாண்டி உட்புறம் இறக்கிக் கொக்கியில் கட்டிக்கொள்ளலாம். கார்த்திகையன்று வாசலில் அகல் ஏற்றுபவர்கள், வளையத்துக்கு நேர்கீழே எந்த விளக்கையும் வைக்கக் கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இதைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் மும்பை மழையில் பருத்தி ஈரத்தைக் குடித்து நாற்றமெடுக்கும். விறைப்புக்காகக் கஞ்சி போட்டிருந்தால் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். கஞ்சியைத் துவைத்து எடுத்துவிட்டு, வளையத்தை நன்றாகக் காயவைத்து, பழைய தலையணை உறைக்குள் வசம்புத் துண்டுகளோடு போட்டு, நசுங்காமல் அலமாரியில் தொங்கவிடுங்கள்.