சிரட்டை விளக்கு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு யாராவது ஒரு தம்பி சிரட்டை விளக்கோடு வந்துவிடுவான். "அண்ணே, நேத்து எரிஞ்சது, இன்னிக்கு எரியல." பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். எல்இடிக்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் போட்டிருக்க மாட்டான்.

சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். அதை 5 வோல்ட் யுஎஸ்பியில் நேராக மாட்டினால் மின்னோட்டத்தைத் தடுக்க ஆளில்லை, சூடேறிச் செத்துப்போகும். கணக்கு எளிது. 5இல் 2 போனால் 3. அதை எல்இடிக்கு வேண்டிய 20 மில்லிஆம்பியரால், அதாவது 0.02ஆல் வகுத்தால் 150 ஓம். நான் 220 போடுவேன். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆயுள் கூடும். பத்து எல்இடியைப் பக்கம்பக்கமாகச் சேர்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் போட்டு ஒப்பேற்றுவதும் வேண்டாம். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஏதாவது ஒன்று அதிகம் இழுத்து முதலில் போகும், அப்புறம் மற்றவை வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போடுங்கள். சில சென் செலவுதான்.

அடுத்தது கம்பிகளை ஒட்டவைக்கும் ஈயம். பலர் அதைச் சால்டரிங் இரும்பின் நுனியில் உருக்கிப் பசை மாதிரி தடவுகிறார்கள். ஆறியதும் மங்கலாக ஓர் உருண்டை உட்கார்ந்திருக்கும். ஒட்டியது போலத் தெரியும், இழுத்தால் கையோடு வரும். கம்பியையும் அது ஒட்ட வேண்டிய செம்பையும் சேர்த்து இரண்டு விநாடி சூடாக்கி, ஈயத்தை அந்த இடத்தில் வைக்க வேண்டும். தானே ஓடிப் பளபளவென்று பரவும். 60/40 ஈயம் (வெள்ளீயம் 60, காரீயம் 40 கலந்தது) 190 டிகிரிக்குள் உருகிவிடும், இரும்பு 350 இருந்தால் தாராளம். நுனி கறுத்தால் சூடு இறங்காது, ஈரப் பஞ்சில் துடையுங்கள். என் பஞ்சு இருப்பது பாட்டி பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய காலத்தில் பால் பிடித்த மங்கில். ஈயம் நன்றாக ஒட்டத் தடவும் ஃபிளக்ஸில், குழாய் வேலைக்கான அமில வகை மட்டும் வேண்டாம்; கம்பியில் பச்சை பிடித்து அரித்துவிடும்.

அடிக்கட்டைக்கு வெட்டிப் போட்ட பால்மரத்தை அப்படியே அறுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதில் மாவுச்சத்து அதிகம். பூசணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். தொழிற்சாலைகள் போரான் மருந்து ஏற்றி உலர்த்தித்தான் அதில் மேசை நாற்காலி செய்கின்றன.

பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல்லில் நேராக ஈயம் வைக்காதீர்கள். சூடு உள்ளே இறங்கினால் தீப்பிடிக்கலாம், செல்லை மாட்டும் ஹோல்டர் வாங்குங்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டில் கை வைக்கவே வேண்டாம், இந்த விளக்குக்குப் போன் சார்ஜர் போதும். அந்தச் சார்ஜரைத் திறந்து பார்க்கத் துடிக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். என் ஆள்காட்டி விரலுக்கு அது நன்றாகத் தெரியும்.