ஊட்டிக் குளிரும் பயோடீசலும்

பயோடீசல் (தாவர எண்ணெய் போன்றவற்றை வேதிமுறையில் மாற்றிச் செய்யும் எரிபொருள்) கலந்த டீசலை மேட்டுப்பாளையத்தில் நிரப்பிக்கொண்டு மலையேறுபவர்கள் டிசம்பர், ஜனவரியில் கவனமாக இருங்கள். கீழே தெளிவாக இருக்கும் எண்ணெய் மேலே மெழுகுபோல் உறைந்து ஃபில்டரை அடைக்கலாம். பாமாயிலில் செய்த பயோடீசல், கலப்பில்லாமல் இருந்தால் சுமார் 15 டிகிரி செல்சியஸிலேயே கலங்கத் தொடங்கிவிடும். ஊட்டியில் உறைபனி விழும் இரவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டீசலில் 20 சதவீதம் மட்டும் பயோடீசல் சேர்ந்த கலவை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பனிக்காலத்தில் சாதாரண டீசலே மேல்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒரு ஃபில்டரைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கையெல்லாம் பயோடீசல் கரைத்துக் கொண்டுவந்துவிடும். ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரையும் அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

பஜ்ஜி பொரித்த எண்ணெயை வடிகட்டி அப்படியே ஊற்றலாம் என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால், இன்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் கரி பிடிக்கும்.